சாமி பேரில் டாட் காம் வாங்கினால் யாரிடம் முறையிடுவது?

ஓசூர் கம்பெனி ஒன்றின் பெயரை வேறொருவர் இணைய முகவரியாகப் பதிந்துகொண்டால் பெரிய சிக்கல் இல்லை. டிவிஎஸ், டைட்டன், அசோக் லேலண்ட் போன்றவர்களிடம் டிரேட்மார்க் இருக்கிறது. அதைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. ஊருக்கு மேலே மலையில் இருக்கிற சந்திரசூடேஸ்வரர் பெயரில் யாரோ ஒரு டாட் காம் தொடங்கி, அர்ச்சனைக்குப் பணம் வசூலிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டிரேட்மார்க்கும் இல்லை என்போம். கர்நாடகம், ஆந்திரத்திலிருந்தும் தேருக்கு ஜனம் திரளும் கோயில். காலங்காலமாகப் புழங்கும் பெயர் என்ற வழக்காறு செல்லுமா?

இந்தியச் சட்டம் வழக்காற்றை ஒதுக்குவதில்லை. சட்ட வலிமை பெற்ற வழக்காறும் சட்டமே என்கிறது அரசியல் சாசனத்தின் 13-வது பிரிவு. கோயில் மூர்த்தியே வழக்காடலாம். சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு நபர்.

டாட் காம் தகராறுகளை நடுவர்கள் 1999-இல் வந்த யுடிஆர்பி விதிகளின்படி தீர்க்கிறார்கள். தமக்குப் பொருத்தமாகத் தெரியும் எந்தச் சட்டக் கோட்பாட்டையும் நடுவர் கையில் எடுக்கலாம் என்கிறது அதன் 15-வது விதி. வழக்காறு நுழைய அது போதும். ஆனால் புகார் தருபவர் முதலில் தனக்கு டிரேட்மார்க் உரிமை உண்டென்று நிறுவ வேண்டும். தடுக்கி விழும் இடம் அதுதான். நியூசிலாந்து டாட் காமுக்காக அந்நாட்டு அரசே 2002-இல் போய்த் தோற்றது. பிறகு விலை கொடுத்து வாங்கியது. ஷாம்பெயின் டாட் கோ கேட்டுப் போன பிரெஞ்சு மது உற்பத்தியாளர்களும் 2011-இல் வெறுங்கையோடு திரும்பினார்கள். புவிசார் குறியீடு தன்னளவில் டிரேட்மார்க் ஆகாது என்பது தீர்ப்பு. மாம்பழத்துக்குக் குறியீடு கிடைத்தால் போதும் என்று கிருஷ்ணகிரியில் நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

டாட் இன் முகவரிக்கு, அதை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பின் விதிகள் வேறு. அங்கே டிரேட்மார்க்கோடு, புகார்தாரருக்கு உரிமையுள்ள ‘பெயர்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். என் கணக்கில் கோயிலுக்குச் சாதகமான வாசல் இதுதான்.

டாட் காமிலும் பதிவில்லாத டிரேட்மார்க்கை நிறுவ முடியும். நெடுநாள் புழக்கத்தால் பெயர் இவர்களையே குறிக்கிறது என்று காட்ட வேண்டும். உள்ளூர் நீதிமன்றமும் உண்டு. சென்னையின் சத்யம் இன்ஃபோவே ‘சிஃபி’ பெயருக்காகப் பெங்களூரில் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டொமைனுக்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், பிறர் பெயரில் வியாபாரம் செய்வதைத் தடுக்கும் கோட்பாடு இதற்கும் பொருந்தும் என்று 2004-இல் தீர்ப்பானது. அந்தக் கோட்பாட்டுக்குப் பதிவுச் சான்றிதழைவிடப் பெயர் மக்களிடம் பெற்ற மதிப்பே முக்கியம். வழக்காறு இங்கே தனிச் சட்டமாக நிற்பதைவிடச் சாட்சியமாக நன்றாக வேலை செய்யும்: கல்வெட்டு, பழைய ரசீதுப் புத்தகம், தேர்த் திருவிழா அழைப்பிதழ், அறநிலையத்துறைப் பதிவேடு.

ஜெயித்தாலும் யுடிஆர்பி நடுவர் முகவரியை மாற்றித் தருவார், இல்லையேல் ரத்து செய்வார். பணம் கட்டி ஏமாந்த பக்தர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குத்தான் போன் செய்ய வேண்டும்.