நரம்பில் ஓடும் செய்தி ஏன் தேய்வதில்லை?

வெறுங்காலில் நடக்கும்போது முள் தைக்கிறது. சட்டென்று காலை இழுத்துக்கொள்கிறீர்கள். பாதத்திலிருந்து முதுகுத்தண்டுவரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம் அந்தச் செய்தி தேயாமல் வந்தது எப்படி?

நரம்பை ஒரு மின்கம்பி என்றே பலரும் எண்ணுகிறோம். வெறும் கம்பியாக இருந்தால் செய்தி வந்து சேரவே சேராது! ஆக்ஸான் எனப்படும் நரம்பிழைக்குள் இருப்பது உப்புக் கலந்த திரவம். அதன் மின்தடை செம்பினுடையதைவிடக் கோடி மடங்குக்கும் அதிகம். போதாக்குறைக்கு, இழையின் சுவர் வழியே மின்னோட்டம் கசியவும் செய்கிறது. சில மில்லிமீட்டருக்குள் செய்தி மங்கி மறைந்துவிடும்.

தீபாவளிச் சரவெடியை நினைத்துப் பாருங்கள். ஒரு வெடி அடுத்ததைப் பற்றவைக்கிறது. கடைசி வெடியும் முதல் வெடியைப் போலவே முழங்குகிறது. ஒவ்வொன்றிலும் அதற்கென மருந்து இருக்கிறதல்லவா? நரம்பிழையும் இவ்வாறே. ஓய்வில் அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கிறது. தூண்டல் கிடைத்ததும் சோடியம் அயனிகள் உள்ளே பாய, மின்னழுத்தம் சுமார் 100 மில்லிவோல்ட் எழும்பி, அடுத்த இடத்தைத் தூண்டுகிறது. பிறகு பொட்டாசியம் அயனிகள் வெளியேற, பழைய நிலை திரும்புகிறது. வெடித்த சரம் கரியாகிவிடும். நரம்போ சில மில்லிசெகண்டுகளில் மீண்டும் தயார்! ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையில் இதை அளந்து, 1952இல் சமன்பாடுகளாக வடித்தவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கிலேய அறிஞர்கள். 1963ஆம் ஆண்டு நோபல் பரிசில் இருவரும் பங்கு பெற்றனர்.

விரைவான நரம்பிழைகளை மையலின் என்னும் கொழுப்புறை சுற்றியிருக்கிறது. தடித்த இழைகளில் சுமார் ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றாக, கரும்பின் கணுக்களைப் போல, உறையற்ற இடங்கள் உண்டு. செய்தி கணுவுக்குக் கணு தாவுகிறது. வேகம் நொடிக்கு 100 மீட்டரைக்கூட எட்டும். அடுத்த கணுவைத் தூண்டத் தேவைப்படுவதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு மின்னோட்டம் அங்கே போய்ச் சேருகிறது. செய்தி தவறாமல் செல்வதன் இரகசியம் இந்த உபரிதான். ஓரிரு கணுக்கள் செயலிழந்தாலும் செய்தி அவற்றைத் தாண்டிவிடும். ஆகவே பல் மருத்துவர் போடும் மரப்பூசி, தொடர்ந்து பல கணுக்களில் சோடியம் நுழையும் வாயில்களை அடைக்க வேண்டியிருக்கிறது.

உபரி கரைந்தால் என்ன ஆகும்? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயில் மையலின் உறை சிதைகிறது, மின்னோட்டம் கசிகிறது. அந்நோயாளிகளில் சிலருக்கு உடல் வெப்பம் சற்று ஏறினாலே பார்வை மங்குகிறது. உழைத்துக் களைத்ததும் பார்வை மங்குவதை 1890இலேயே ஊட்ஹாஃப் என்னும் ஜெர்மானிய மருத்துவர் குறித்துவைத்தார். வெப்பத்தில் மின்துடிப்பின் நேரம் சுருங்குகிறது. அடுத்த கணுவுக்குப் போகும் மின்னூட்டம் போதாமற் போகிறது. உடல் குளிர்ந்ததும் பார்வை தெளிகிறது.

"காலையில் படித்த எழுத்து மதிய வெயிலில் தெரியவில்லை" என்று அத்தகையவர் ஒருவர் சொன்னால், பாசாங்கு என்று எண்ணிவிடாதீர்கள். அவருடைய நரம்புச் சரத்தில் மருந்து இருக்கிறது. பற்றவைக்கும் பொறிதான் சற்றே குறைந்துவிட்டது.