தில்லைக்கு யார் அரசு?

ஒரு நாட்டை ஆளப் போகிறவர் யார் என்று தீர்மானிக்க மனிதர்கள் என்னென்னவோ வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பட்டத்து யானையின் துதிக்கையில் மாலையைக் கொடுத்துத் தெருவில் விட்டார்கள் என்று கதைகளில் படிக்கிறோம். வாளை உருவித் தீர்த்துக் கொண்டவர்களுக்குக் கணக்கில்லை. இந்தக் காலத்தில் ஓட்டுப் போட்டுத் தீர்த்துக் கொள்கிறோம். ஆனால், "வா, நாட்டியம் ஆடிப் பார்ப்போம்; தோற்றவர் எல்லைக்கு வெளியே போய்விட வேண்டும்" என்று பந்தயம் கட்டிய இடம் உலகத்தில் அதிகம் இராது. அப்படிப்பட்ட இடங்களில் ஒன்று நமது சிதம்பரம்.

வனத்துக்கு உடையவள்

சிதம்பரத்துக்கு ஆதியில் தில்லை வனம் என்று பெயர். தில்லை மரங்கள் அடர்ந்த காடு அது. இன்று அந்த மரங்களைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்து உப்பங்கழிக்குப் போக வேண்டும். இந்தக் காட்டுக்கு அதிபதியாக விளங்கியவள் காளி.

அங்கே இரண்டு பேர் தவம் கிடந்தார்கள். ஒருவர் புலிக்கால் படைத்த வியாக்கிரபாதர். மற்றவர் பதஞ்சலி, ஆதிசேஷனுடைய அவதாரம். நாகலோகத்திலிருந்து ஒரு பிலத்தின் வழியாகத் தில்லைக்கு ஏறி வந்தவர் என்பது ஸ்தல புராணம். பாதாளத்தில் இல்லாதது எது இந்தக் காட்டில் இருந்தது? சிவபெருமானுடைய ஆனந்தத் தாண்டவத்தைக் கண்ணாரக் காண வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

ஐயன் ஆட வந்தார். காளி வழி மறித்தாள். அவள் கேட்டதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அவளுடைய வனத்துக்கு வந்தவர் அவளைக் கேட்காமல் ஆடலாமா? பேச்சு வளர்ந்தது, பந்தயத்தில் முடிந்தது. ஜயிப்பவருக்குத் தில்லை, தோற்பவருக்கு ஊர் எல்லை.

தூக்கிய திருவடி

ஆட்டம் தொடங்கியது. திருமால் மத்தளம் கொட்டினார். பிரமன் தாளம் போட்டார். ஐயன் ஆடியதை எல்லாம் காளியும் ஆடினாள். இம்மியும் குறையவில்லை. வெற்றி எந்தப் பக்கம் சாயும் என்று தேவர்களுக்கே தெரியவில்லை. அப்போது ஐயனுடைய காதிலிருந்த குழை கீழே விழுந்தது. தாளம் தப்பாமல் அதைக் கால் விரலால் எடுத்து, அந்தக் காலையே தலைக்கு மேல் உயர்த்திக் காதில் அணிந்து கொண்டார். இதுதான் ஊர்த்துவ தாண்டவம். காளி அந்த ஒன்றை மட்டும் ஆடவில்லை, நாணம் தடுத்தது. தலை குனிந்து நின்றாள்.

சிதம்பரம் கோயிலில் கொடிமரத்துக்குத் தெற்கே, குதிரைகள் பூட்டிய தேர் வடிவில் அமைந்த நிருத்த சபைதான் இந்தப் போட்டி நடந்த இடம் என்பார்கள். சிற்ப வேலைப்பாடு நிறைந்த அதன் தூண்களைப் பார்த்துக் கொண்டே உள்ளே போனால், காலைத் தூக்கிய கோலத்தில் ஐயனைத் தரிசிக்கலாம். திருவாலங்காட்டிலும் இதே கதையை உரிமையோடு சொல்கிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்கும் பெண் குழந்தைகள் வழக்கமாக ஒரு கேள்வி போடுவதுண்டு: "காளியால் ஆட முடியாமல் தோற்றாளா, ஆடக் கூடாது என்று தோற்றாளா?" பெரியவர்கள் இதற்குப் பதில் சொல்லத் திணறுவார்கள். "சிவம் வேறு சக்தி வேறா?" என்று சொல்லித் தப்பித்துக் கொள்பவர்களும் உண்டு. கேள்வி என்னவோ நல்ல கேள்விதான்.

இரண்டு வேறு பந்தயங்கள்

ரோமாபுரிக்கு அருகே நேமி என்று ஓர் ஏரி. அதன் கரையிலும் ஒரு புனிதமான சோலை இருந்தது. அதுவும் ஒரு தேவியினுடையது. டயானா என்று பெயர். அங்கே பூசாரியாக இருந்தவனுக்கு "வனராஜன்" என்று பட்டம். ஓடிவந்த அடிமை ஒருவன் அந்தச் சோலை மரத்தில் ஒரு கிளையை ஒடித்துவிட்டால் அவனோடு போரிடலாம்; கொன்றால் அவனே அடுத்த ராஜா. இந்த வழக்கத்துக்குக் காரணம் தேடப் புறப்பட்டுத்தான் பிரேஸர் என்ற அறிஞர் 1890-ல் "பொற்கிளை" என்ற தமது பெரிய நூலை வெளியிட்டார். நேமியில் தோற்றவனுக்கு இருந்த ஒரே இடம் மயானம்.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கடலூருக்கே வருவோம். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கியால் சுட்டுக் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரையில்! அப்படியே சுட்டார்கள். குண்டின் தூரத்துக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் "குண்டு கிராமங்கள்" என்றே பெயர் வந்தது. பிறகு 1758-ல் அந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். 1783-ல் ஆங்கிலேயர் கடலூரை முற்றுகையிட்டார்கள். ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்து சேர்ந்ததும் சண்டை நின்றது. யார் ஆள்வது என்று அந்நியர் இருவர் மோதிக் கொண்டபோது, ஆளப்பட வேண்டியவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

தோற்றவளுக்கும் ஒரு கோயில்

இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் தில்லைப் பந்தயத்தின் பெருமை புலப்படுகிறது. தோற்ற காளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஊரின் வட எல்லைக்குப் போய் அமர்ந்தாள். வென்றவரின் அடியார்களோ அவளை மறந்துவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன் அவளுக்குக் கோயில் எடுத்தான். அங்கே கோபம் தணியாத தில்லைக் காளியாக வெண் புடவை உடுத்திக் குங்குமக் காப்பில் ஒரு சந்நிதியிலும், நான்கு முகம் கொண்ட பிரம்ம சாமுண்டியாகச் சாந்த கோலத்தில் மற்றொரு சந்நிதியிலும் விளங்குகிறாள். கூத்தப் பெருமானைத் தரிசித்தவர்கள் எல்லைக் காளியையும் தரிசித்தால்தான் யாத்திரை பூர்த்தியாகும் என்று இன்றும் சொல்கிறார்கள்.

வென்றவருக்கு மாலை போட எந்த ஊருக்கும் தெரியும். தோற்றவருக்கு இடம் கொடுத்து, மரியாதையும் செய்யத் தெரிந்த ஊர்தான் அரசியல் தெரிந்த ஊர். தேர்தல் முடிந்த மறுநாள் நம்மவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

குழந்தைகளின் கேள்வி மட்டும் பாக்கி நிற்கிறது. அதற்குக் காலம் ஒருவாறு பதில் சொல்லி வருகிறது. சிதம்பரத்துக் கோபுர வாயில்களில் செதுக்கப்பட்டிருக்கும் 108 கரணங்களை ஆராய்ந்து, அவற்றைத் தாமே ஆடிக் காட்டியவர் பத்மா சுப்ரமணியம் என்ற பெண்மணி. 1981 முதல் சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடக்கிறது. அதில் ஆட வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எந்த ஊரில் ஒருத்தி ஆட்டத்தை நிறுத்தினாளோ, அந்த ஊரிலேயே நூற்றுக்கணக்கான பெண்கள் சலங்கை கட்டி ஆடுகிறார்கள். வட எல்லையில் இருப்பவள் காதில் அந்தச் சலங்கை ஒலி விழாமலா இருக்கும்?