மலைக்கு ஏறுமுன் ஒரு வாய் சாப்பாடு

சகோதரிகளே, விடியற்காலையில் வெறுஞ்சாயம் குடித்துவிட்டு மலைக்கு ஏறுவது நம் தோட்டத்துப் பெண்களின் வழக்கம். சீனி வருத்தத்துக்குக் குளிசை பாவிப்பவர்களுக்கு இது ஆபத்தாகலாம்.

எல்லாக் குளிசையும் ஒன்றல்ல. மெட்ஃபோமினைச் சாப்பாட்டுடன் எடுத்தால் குமட்டல் குறையும். தனியே எடுக்கும்போது அது சீனியை அளவுக்கு மீறி இறக்குவது அரிது. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் என்பன இன்சுலின் சுரக்கத் தூண்டுபவை. இவற்றை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் கொழுந்து பறித்தால் குருதிச் சீனி 70 இலும் கீழே இறங்கி நடுக்கம், வியர்வை, மயக்கம் வரலாம். சரிவிலே மயங்கினால் உயிருக்கே ஆபத்து.

நடுக்கம் கண்டதும் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சுகமில்லையென்றால் மீண்டும் குடியுங்கள். பிறகு ரொட்டி சாப்பிடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தவறிய குளிசைக்காக அடுத்த வேளை இரண்டு விழுங்காதீர்கள். அயலவரின் குளிசையை வாங்காதீர்கள். கர்ப்பம், சிறுநீரக நோய், வாந்தி, வயிற்றோட்டம், பாகற்சாறு, கொத்தல ஹிம்புட்டு எதுவானாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள். இடப்பெயர்வில் கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால், ஞாபகத்தில் குளிசை வாங்காமல் மீண்டும் பரிசோதியுங்கள்.

அரசாங்க வைத்தியசாலையில் கிளினிக் இலவசம். ஒருநாள் பேர் போகுமே என்று தவறவிடாதீர்கள். நாளை படங்கு கட்டும்போது, மடியில் ஒரு சீனிப் பொட்டலமும் இருக்கட்டும்.