கூரையில் விளையும் கரண்ட்: விற்பதற்கா, வாங்காமல் இருப்பதற்கா?

2022ஆம் ஆண்டின் மின்வெட்டை எந்த வியாபாரியும் இலகுவில் மறந்துவிட மாட்டார். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை கரண்ட் இல்லாமல் கடை நடத்தினோம். அதே ஆண்டு ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதத்தால் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் ஏறியது. 2024இலும் 2025 ஜனவரியிலும் குறைத்தார்கள், 2025 ஜூனில் மறுபடியும் 15 வீதம் கூட்டினார்கள். இப்படி ஏறி இறங்கும் ஒரு செலவை வைத்துக்கொண்டு வியாபாரத்தில் கணக்குப் போடுவது லேசான காரியமல்ல.

அதனால்தான் கூரையில் சோலார் போடும் பேச்சு இன்று கடைத்தெரு முழுவதும் அடிபடுகிறது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்த பின்னர், மின்சாரக் காரைப் பற்றிய கேள்வியும் அதோடு சேர்ந்துகொண்டது. நான் வயரும் பிரேக்கரும் விற்பவன். சோலார் விற்பவனுமல்லன், கார் விற்பவனுமல்லன். ஆகவே என் கடைக்கு வரும் நண்பர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கனெக்ஷன்

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்பு. 230 வோல்ட்டில் அது தாங்கக்கூடிய உச்ச அளவு 6.9 கிலோவோட். காரோடு சேர்த்து விற்கப்படும் பெரிய சார்ஜர் 7 கிலோவோட் எடுக்கும். அதாவது ஒரு பல்ப் கூட எரியாத நிலையிலும் உங்கள் இணைப்புக்கு அது அதிகம். இதைக் கேட்டதும் சிலர் உடனே த்ரீ பேஸுக்கு விண்ணப்பிக்க ஓடுகிறார்கள்.

சற்று நிதானியுங்கள். ஒரு யுனிட் கரண்டில் மின்சாரக் கார் ஏறக்குறைய 6 கிலோமீற்றர் ஓடும். தினமும் 40 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 7 யுனிட் போதும். 16 அம்பியரில் மட்டுப்படுத்திய சார்ஜர் ஒரு மணித்தியாலத்தில் மூன்றரை யுனிட்டுக்கு மேல் கொடுக்கும். இரண்டு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். இரவு பத்தரைக்குப் பின்னர், வீட்டில் மற்றப் பாவனை அடங்கிய நேரத்தில், இதைச் செய்தால் பலருக்கு இணைப்பை மாற்ற வேண்டிய தேவையே வராது.

ஆனால் ஒன்று: சாதாரண பிளக்கிலும் எக்ஸ்டென்ஷன் வயரிலும் காரைச் சார்ஜ் பண்ண வேண்டாம். அயன் பெட்டியை அரை மணித்தியாலம் போடுவது வேறு, இரவு முழுவதும் ஒரே அளவில் கரண்ட் இழுப்பது வேறு. உருகிக் கருகிய பிளக்குகளை என் கவுண்டரில் பலர் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பிரதான பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச் ஆகிய நான்கிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது. வீடு எரிந்தால் மிச்சம் பிடித்த காசு எதற்கு?

பட்டியலின் கடைசி வரி

வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் அதற்கு மேற்பட்ட யுனிட்டின் விலை கூடும், நிலையான கட்டணமும் கூடும். மாதம் 150 யுனிட் பாவிக்கும் வீட்டுக்கு, மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடும் ஒரு கார் வந்தால் இன்னும் 165 யுனிட் சேரும். மொத்தம் 315. அதில் 135 யுனிட் 180க்கு மேல், ஆகக் கூடிய விலையில் விழும். ஆகவே காரின் செலவைப் பார்க்கும்போது பட்டியலின் சராசரியைப் பார்க்காதீர்கள், கடைசி வரியைப் பாருங்கள். கடையின் பொதுத் தேவைக் கட்டணம் வேறு. பகலில் கார் கடை வாசலில்தான் நிற்கிறதென்றால், இரு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்து எங்கே மலிவு என்று ஒப்பிடுவது நல்லது.

விற்கும் விலை

இப்போது சோலாருக்கு வருவோம். 2016இல் சூரிய பல சங்கிராமய திட்டம் வந்தபோது, எஞ்சிய கரண்டுக்கு முதல் ஏழு வருடங்களுக்கு யுனிட்டுக்கு 22 ரூபாவும் பின்னர் 15.50 ரூபாவும் தர 20 வருட ஒப்பந்தம் செய்தார்கள். 2022இல் அந்த விலை 37 ரூபாவுக்கு உயர்ந்தது. 2025இல் புதிதாக இணையும் சிறிய கூரைகளுக்கு 21 ரூபாவுக்கும் சற்றுக் கீழே இறங்கியது. காரணம் நம் வியாபாரத்தில் தெரிந்ததுதான். சந்தையில் சரக்கு குவிந்தால் விலை விழும். நண்பகலில் எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் கரண்ட் தள்ளுகிறது. நாட்டுக்கு அதிகம் தேவைப்படுவதோ மாலை ஆறரைக்குப் பின்னர். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகல் மூன்று மணி வரை சோலாரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது.

ஒரு கிலோவோட் பெனல் மாதம் 100 முதல் 120 யுனிட் வரை தரும். 5 கிலோவோட் என்றால் 550 யுனிட் அளவில். மேலே சொன்ன வீடு 315 யுனிட்டைத் தானே பாவிக்கும். அந்த யுனிட்களுக்கு உண்மையான பெறுமதி உண்டு, ஏனென்றால் அவற்றை இனி வாங்க வேண்டியதில்லை. எஞ்சும் 235 யுனிட்டுக்குக் கிடைப்பது ஐயாயிரம் ரூபாவுக்கும் குறைவு. இதே வீட்டில் 10 கிலோவோட் போட்டால் மேலதிகமாக வரும் 550 யுனிட்டும் விற்பனைக்குத்தான். மாதம் 11 ஆயிரம் ரூபா அளவில் வரும். அதற்காக முதலை இரட்டிப்பாகப் போட வேண்டுமா என்பதை, அதே பணத்தைக் கடைச் சரக்கில் போட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்டுத் தீர்மானியுங்கள்.

கரண்ட் போனால்?

பலர் ஏமாறும் இடம் இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் இருண்டது. அந்த வெயிலிலும் சாதாரண சோலார் போட்ட வீடுகளில் ஃபேன் சுழலவில்லை. வெளிக் கம்பியில் கரண்ட் இல்லாவிட்டால் இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. மின்வெட்டிலும் கடை நடக்க வேண்டுமானால் பற்றரியும் அதற்குரிய இன்வேர்ட்டரும் வேண்டும். ஐஸ் பெட்டி, பில் மெஷின், நான்கு பல்ப் என்று அவசியமானதை மட்டும் அதில் இணைத்தால் சிறிய பற்றரி போதும்.

ஆகவே விலைப்பட்டியலோடு யாரும் உங்கள் கடைக்கு வந்தால், கடந்த 12 மாதப் பட்டியல்களையும் எடுத்து மேசையில் வையுங்கள். நான் பாவிப்பது எத்தனை, விற்பது எத்தனை, எந்த விலையில், எத்தனை வருட ஒப்பந்தம், கரண்ட் போனால் எது எரியும் என்று எழுத்தில் கேளுங்கள். இந்த ஐந்துக்கும் பதில் தருபவரோடு பேரம் பேசலாம். கூரையை வருமானம் தரும் இன்னொரு கடையாகப் பார்க்காமல், செலவை அடைக்கும் ஒரு வழியாகப் பாருங்கள். அந்த அளவுக்குள் நின்றால் சோலாரும் மின்சாரக் காரும் நல்ல முதலீடுதான்.