பட்டம் பெறாத தத்துவவாதி: எம்.என்.ராய் கல்வி கற்ற கதை

இந்தியாவுக்கென ஓர் அரசியல் நிர்ணய சபை வேண்டும் என்ற கருத்தை 1934-ஆம் ஆண்டிலேயே முன்வைத்தவர் என்று போட்டித் தேர்வு நூல்கள் எம்.என்.ராயைக் குறிப்பிடுகின்றன. ஆனால் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாத ஒருவர் எவ்வாறு உலகறிந்த அரசியல் தத்துவவாதியானார் என்பதை அந்த நூல்கள் விளக்குவதில்லை.

இளமைப் பருவம்

அவரது இயற்பெயர் நரேந்திரநாத் பட்டாச்சார்யா. வங்காளத்தின் 24 பர்கானா மாவட்டத்தில் உள்ள ஆர்பேலியா கிராமத்தில் 1887-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் தேதி பிறந்தார். தந்தை தீனபந்து பட்டாச்சார்யா சமஸ்கிருத ஆசிரியர். 1898-இல் குடும்பம் கோதாலியாவுக்குக் குடிபெயர்ந்ததால், ஹரிநாவி ஆங்கில-சமஸ்கிருதப் பள்ளியில் நரேந்திரநாத்தின் படிப்பு தொடர்ந்தது.

1905-இல் வங்கப் பிரிவினை அறிவிக்கப்பட்டபோது மாணவர்களும் போராட்டத்தில் இறங்கினர். பிரிவினைக்கு எதிராகக் கூட்டமும் ஊர்வலமும் நடத்திய நரேந்திரநாத் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்.

தேசியக் கல்லூரி

ஆங்கிலேய அரசின் கல்வி முறைக்கு மாற்றாக 1906-இல் கல்கத்தாவில் வங்காள தேசியக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் முதல்வராக இருந்தவர் அரவிந்தர். அங்கு சேர்ந்த நரேந்திரநாத், பின்னர் வங்காளத் தொழில்நுட்ப நிலையத்தில் பொறியியலும் வேதியியலும் பயின்றார். எனினும் அவர் பெற்ற அறிவில் பெரும்பகுதி, தாமே தேடிப் படித்ததன் பயனாகும்.

இதற்கிடையே 'பாகா ஜதின்' என அழைக்கப்பட்ட ஜதீந்திரநாத் முகர்ஜியின் புரட்சிக் குழுவில் இணைந்தார். ஜெர்மனியிடமிருந்து ஆயுதம் பெறும் நோக்கத்துடன் 1915-இல் நாட்டைவிட்டு வெளியேறினார். அந்த ஆண்டு செப்டம்பரில் பாலசோரில் ஆங்கிலேயப் படையுடன் நடந்த மோதலில் ஜதின் உயிரிழந்தார்.

திசை மாற்றிய கேள்வி

ஆயுதம் தேடிச் சென்றவரின் பயணம் 1916-இல் அமெரிக்காவை எட்டியது. அங்குதான் மானவேந்திரநாத் ராய் என்ற புதிய பெயரை ஏற்றார். பின்னர் நியூயார்க் பொது நூலகத்தில் கார்ல் மார்க்ஸின் எழுத்துகளை ஆழ்ந்து பயின்றார்.

அக்காலத்தில் நியூயார்க்கில் லாலா லஜபதி ராய் உரையாற்றிய ஒரு கூட்டத்தை அவர் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். இந்திய முதலாளிகள் ஏழைகளைச் சுரண்டுவதற்கும் அந்நியர் சுரண்டுவதற்கும் என்ன வேறுபாடு என்று பார்வையாளர் ஒருவர் வினவினார். சொந்தச் சகோதரனிடம் உதைபடுவதும் அந்நியனிடம் உதைபடுவதும் ஒன்றல்ல என்ற பொருளில் லஜபதி ராய் விடையளித்தார். அந்த விடை ராய்க்கு நிறைவளிக்கவில்லை. யாரிடமிருந்து விடுதலை என்பதோடு யாருக்கு விடுதலை என்பதும் அவருக்கு முக்கியமானது. தேசியவாதி சோசலிசத்தின் பக்கம் திரும்பிய தருணம் அது.

1917-இல் மெக்சிகோ சென்ற ராய், ஸ்பானிய மொழி கற்று, அந்நாட்டுப் பொதுவுடைமைக் கட்சியின் நிறுவனர்களில் ஒருவரானார். 1920-இல் மாஸ்கோவில் நடைபெற்ற கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாவது மாநாட்டில், காலனி நாடுகள் குறித்து லெனினுடனேயே கருத்து மாறுபட்டு விவாதித்தார்.

சிறையில் தொடர்ந்த படிப்பு

1929-இல் அகிலத்திலிருந்து நீக்கப்பட்ட ராய் தாயகம் திரும்பினார். 1931-இல் பம்பாயில் கைதாகி, 1936 நவம்பர் வரை சிறையில் இருந்தார். அறிவியலும் தத்துவமும் பயின்று, அங்கு அவர் எழுதிக் குவித்த கையெழுத்துப் படிகள் ஒன்பது தொகுதிகள் கொண்டவை.

மார்க்சியத்தையும் கேள்விக்கு உட்படுத்திய அவர், தனிமனித சுதந்திரத்தை அடிப்படையாகக் கொண்ட தீவிர மனிதநேயத் தத்துவத்தை வகுத்தார். கட்சிகளின் அதிகாரப் போட்டி மக்களாட்சிக்கு உதவாது எனக் கருதி, 1940-இல் தாம் தொடங்கிய கட்சியை 1948-இல் கலைக்கவும் அவர் தயங்கவில்லை. 1954 ஜனவரி 25-இல் டேராடூனில் காலமானார்.

பள்ளி அவரை வெளியேற்றியது; பின்னர் அகிலமும் வெளியேற்றியது. கற்பதை மட்டும் அவர் இறுதிவரை நிறுத்தவில்லை.