பத்து மைக்ரோவிநாடிக்குள் பதில்

2005 வாக்கில் விற்ற பல மடிக்கணினிகளில் பிராட்காம் 4318 என்ற வைஃபை சில்லு உண்டு. அப்படி ஒன்றைத் தூசி தட்டி எடுத்து லினக்ஸ் போட்டால் எல்லாம் ஓடும். வைஃபை மட்டும் வராது. கார்டு செத்துவிட்டது என்று ஒதுக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' என்று தட்டினால் கார்டின் பெயர் பட்டியலில் நிற்கும். பிசிஐ கருவிகள் ஒவ்வொன்றும் தயாரிப்பாளரின் எண்ணையும் தன் எண்ணையும் சுமந்தே வருகின்றன; அந்த எண்களை வைத்தே பெயர் காட்டப்படுகிறது. (இன்டெலின் எண் 8086. அது 1978இல் வெளியிட்ட பிராசஸரின் பெயரும் அதுதான்.)

பெயர் தெரிகிறது, பேச்சில்லை. கர்னல் பதிவைப் புரட்டினால் காரணம் கிடைக்கும்: 'யூகோட்5' என்ற கோப்பைக் காணவில்லை. அந்தக் கோப்பை ஓட்டுவது கணினியல்ல, கார்டு. ஆம், கார்டுக்குள்ளேயே ஒரு குட்டிப் பிராசஸர் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒரு பாக்கெட் வந்து சேர்ந்ததும், 10 மைக்ரோவிநாடி இடைவெளியில் 'கிடைத்தது' என்ற ஒப்புகை புறப்பட்டாக வேண்டும். ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு! தவறினால், பாக்கெட் தொலைந்ததென்று எண்ணி எதிர்முனை அதையே மறுபடி அனுப்பும். திரை, டிஸ்க், விசைப்பலகை என்று பல வேலை பார்க்கும் கணினியின் பிராசஸரால் இந்தக் கெடுவைத் தவறாமல் காப்பாற்ற முடியாது. எனவே பொறுப்பு கார்டிடம் விடப்பட்டது. ஆனால் அதற்கான நிரல் கார்டில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. மின்சாரம் நின்றால் அழிந்துவிடும். கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும், கார்டோடு பேசும் லினக்ஸ் மென்பொருளான டிரைவர்தான் அதை ஏற்றிவிட வேண்டும். ஃபர்ம்வேர் என்பது இதுதான்.

அந்த டிரைவர் பிறந்த விதம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. இந்தச் சில்லுகளுக்குத் தயாரிப்பாளர் விவரக்குறிப்பு எதையும் வெளியிடவில்லை. ஆர்வலர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். ஓர் அணி தயாரிப்பாளரின் டிரைவரைப் பிரித்துப் படித்து, எந்த ரெஜிஸ்டரில் எந்த எண்ணை எப்போது எழுத வேண்டும் என்று குறிப்பெடுத்தது. மற்ற அணி மூல டிரைவரை ஏறெடுத்தும் பார்க்காமல், அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிய டிரைவரை எழுதியது. பதிப்புரிமைச் சிக்கல் வராமலிருக்க இந்தக் கட்டுப்பாடு. 2006 ஜூனில் வந்த லினக்ஸ் 2.6.17இல் அது இடம்பெற்றது. இப்போதைய பி43 டிரைவர் அதன் வாரிசு.

ஃபர்ம்வேரை மட்டும் அவர்கள் சேர்த்துத் தர முடியவில்லை. விநியோகிக்க அனுமதி இல்லை. அதற்கும் ஒரு வழி கண்டார்கள். 'பி43-எஃப்டபிள்யூகட்டர்' என்ற சிறு கருவி, தயாரிப்பாளரின் டிரைவர் கோப்புக்குள் பொதிந்திருக்கும் ஃபர்ம்வேரை உங்கள் கணினியிலேயே வெட்டி எடுக்கிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் இதைத் தானாகச் செய்யும் நிறுவி உண்டு. மூலக் கோப்பை அது இணையத்திலிருந்து இறக்குவதால், முதல் தடவை மட்டும் ஈத்தர்நெட் கேபிளோ, யூஎஸ்பி வழியாகக் கைபேசியின் இணைப்போ தேவை.

பிறகு கணினியை அணைத்து இயக்கினால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வரிசையாக வரும். உங்கள் ரூட்டர் அதில் இல்லையென்றால் அதன் அமைப்பைப் பாருங்கள். இந்தக் கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பும் ரூட்டர் அதன் கண்ணில் படாது.