விரல் பட்டால் ஊர் சுற்றும்

உங்கள் கைத்தொலைபேசியில் குடும்பக் குழு ஒன்று, கோயில் குழு ஒன்று, பள்ளிக்கூடப் பெற்றோர் குழு ஒன்று இருக்குமல்லவா? காலை வணக்கப் படத்தோடு, "பிள்ளை பிடிக்கிறவர்கள் வேனில் சுற்றுகிறார்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று ஒரு செய்தியும் வந்து விழும். பதறிப்போய் நீங்களும் பத்துப் பேருக்குத் தட்டிவிடுவீர்கள். நல்லதுக்குத்தானே செய்கிறோம் என்று நினைப்பீர்கள்.

தமிழ்நாட்டில், திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர்ப் பக்கத்திலும் அப்படித்தான் நினைத்தார்கள். 2018 மே மாதம், சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மாள் ஒருவர் குலதெய்வக் கோயிலுக்கென்று உறவினரோடு காரில் அங்கே போனார். அந்தக் காரில் நம் மலேசியாவிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். வழியில் நின்ற இடத்தில் பிள்ளைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். நம் பாட்டிமார் யார்தான் கொடுக்கமாட்டார்கள்? "பிள்ளை பிடிக்கிறவர்கள்!" என்று கூச்சல் எழுந்தது. கூட்டம் கூடி அடித்தது. அந்த அம்மாள் இறந்துபோனார்; உடன் சென்றவர்கள் படுகாயமடைந்தார்கள்.

அடித்தவர்களைப் போலீஸ் பிடித்தது. ஆனால் அதற்கு முன் பல நாளாகப் புலனத்தில் அந்த வதந்தியைக் கைமாற்றிக் கைமாற்றி ஊரை உருவேற்றி வைத்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் யாரையும் தொடக்கூட இல்லை.

இது படிக்காத சனங்களின் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் மூவர், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 126,000 செய்திகளை ஆராய்ந்து, 2018 மார்ச்சில் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். மெய்யைவிடப் பொய்யைப் பிறர் எடுத்தனுப்பும் வாய்ப்பு 70 விழுக்காடு கூடுதலாம். 1,500 பேரை எட்டுவதற்குப் பொய்யைப்போல் ஆறு மடங்கு நேரம் மெய்க்குப் பிடித்ததாம். தானியங்கிக் கணக்குகளை ஒதுக்கிப் பார்த்தும் முடிவு மாறவில்லை. பரப்பியவர்கள் மனிதர்களே. பொய் புதுசாக இருக்கிறது, திடுக்கிட வைக்கிறது. அதுதான் அதற்கு இறக்கை.

உங்களுக்கு வந்த செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிகிறதா? பல கை மாறி வந்தது என்று பொருள். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். எந்த ஊர், எந்தத் தேதி, யார் கண்ணால் பார்த்தது என்று அனுப்பியவரையே கேளுங்கள். பெரும்பாலும் "எனக்கும் வந்தது" என்பார். நம் நாட்டுத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய 'செபெனார்ஞா' அகப்பக்கத்திலும் தேடிப் பார்க்கலாம்.

ஊர்ச் செய்தி இப்படியென்றால், சொந்தச் செய்தியை நாமே கொட்டிவிடுவது இன்னொரு வேடிக்கை. உதவித்தொகைக்குப் பதிந்து தருகிறேன் என்று யாராவது குழுவில் சொன்னால் போதும், வீட்டில் எல்லாருடைய அடையாள அட்டையும் படமாக அங்கே ஏறிவிடும். அந்த எண்ணைச் சற்றுப் பாருங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். 10 என்றால் சிலாங்கூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பெயரும் வீட்டு முகவரியும் அட்டையிலேயே இருக்கின்றன. பிறகு ஒருநாள், "போலீஸ் தலைமையகத்திலிருந்து பேசுகிறோம்" என்று ஒருவன் இவ்வளவையும் ஒப்பித்தால், நம் வீட்டுப் பெரியவர்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்? வங்கி ரகசிய எண்ணையும் சொல்லிவிடுவார்கள்.

பதிவுக்குத்தான் அட்டை வேண்டுமென்றால் நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். படம் அனுப்பியே தீரவேண்டிய இடமானால், எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன்மேல் குறுக்கே எழுதி அனுப்புங்கள்.

பணம் போய்விட்டதென்று தெரிந்தால் அண்டை வீட்டாரிடம் சொல்லிப் புலம்பிக்கொண்டிராதீர்கள். உடனே 997-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுமுன் அதை நிறுத்தப் பார்ப்பார்கள். போலீஸ் நிலையத்துக்கு அதற்கப்புறம் போகலாம்.